அம்மா பெயர் தெரியாத கட்டம்

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை நெருங்கிய வாரத்தில் குவைத்திலிருந்து அக்காவின் குரல் பதிவு வந்தது. பின்னால் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம். அவள் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். அந்த வீட்டு அம்மாள் காதில் விழாமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசுவாள்.

"தம்பி, அம்மாவுக்குப் பூசை குடுத்தியா இல்லியா? உள்ளதச் சொல்லு. இங்க நம்மூரு அக்கா போன்ல கோயில் காலண்டர்ல அவங்க மாமனார் பேரு தெரியுது. அதுலயே நம்ம நாளப் பாத்தா வெறும் கட்டந்தான் இருக்கு."

கொடுத்துவிட்டேன் என்று பதில் சொன்னேன். அடக்கம் முடிந்த மறுநாளே எங்கள் வேதக்கோயில் பங்கு சாமியாரிடம் சொல்லி, தேதியும் நேரமும் குறித்தாயிற்று. அவள் நம்பவில்லை. நம்பாமல் போனதற்கு அவளிடம் காரணம் இருந்தது. அப்பாவின் வருடப் பூசை ஒன்றுக்குக்கூட நான் ஊரில் இருந்ததில்லை. அவள்தான் அங்கிருந்தே யாரையாவது பிடித்து ஒப்புக்கொடுக்கச் சொல்வாள்.

நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். திருப்பூர் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினேன். ஓசூரில் ஒரு கம்பெனி வாசலில் காவல் இருந்தேன். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் மூட்டை ஏற்றினேன், இருமல் வந்ததும் விட்டுவிட்டேன். பிறகு பெரம்பலூரில் ஒரு பிரவுசிங் சென்டர். கூட்டமில்லாத மதியங்களில் வீடியோ பார்த்துப் பார்த்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டது அங்கேதான். அந்தப் பழக்கத்தில் எங்கள் பங்குக்கு ஒரு வேலை செய்து கொடுத்திருந்தேன். யார் யார் எந்தக் கருத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள் என்பதைக் கோயில் ஆபீஸில் பதிந்தால், இணையத்தில் இருக்கும் நாட்காட்டியில் அதுவே போய் உட்காரும். திரையைத் தொடாமல் நிரல் வழியாக நாட்காட்டியிடம் வேலை வாங்கும் அந்த வழிக்கு ஏபிஐ என்று பெயர். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து, பூசை நேரத்தில் அங்கிருந்தபடியே ஒரு ஜெபம் சொல்லிக்கொள்வார்கள்.

அக்காவுக்கு அது மட்டும்தான் மிச்சம். பாஸ்போர்ட் அந்த வீட்டுக்காரரிடம் இருந்ததால் அவளால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. பெட்டியை மூடுவதற்கு முன் வீடியோவில் அம்மா முகத்தைக் காட்டினேன். சிக்னல் நின்று நின்று வந்தது. அவள் பார்த்தாளா என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அக்காவுக்குப் பெயர் தெரிய வேண்டுமானால் நாட்காட்டியைப் படிக்கும் அனுமதியை அவளுக்குத் தர வேண்டும். ஊராருக்கெல்லாம் இருந்தது நேரம் காலியா இல்லையா என்று பார்க்கும் அனுமதி மட்டும். பகிர்வு விதிகளைப் பார்க்க நிரலை ஓட்டினேன். 403 என்று பிழை வந்தது. அனுமதி இல்லை என்பது அதன் பொருள். என் நிரலால் நாட்காட்டியில் எழுத முடியும், யார் பார்க்கலாம் என்று சொல்ல முடியாது. அதைச் சொல்லும் உரிமை சொந்தக்காரர் கணக்குக்குத்தான் உண்டு. அந்தக் கணக்கு சாமியாருடையது.

சாமியார் ஆபீஸில் தனியாக இருந்தார். தோத்திரம் சாமி என்று வணங்கிவிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ஏன்யா, ஊரு ஊரா சுத்துனவன், கடைசில எங்கோயில் காலண்டருக்கே சொந்தக்காரனா வரப் பாக்குறியா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கம்ப்யூட்டரைத் திறந்து என் நிரலின் கணக்குக்கு உரிமை கொடுத்தார். "ஒங்க அக்காவுக்கு மட்டும் தொறந்து விடு. மத்தவங்க கண்ணீரு மத்தவங்களோட இருக்கட்டும்."

அக்காவின் மின்னஞ்சல் முகவரி எனக்குத் தெரியாது. கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. குவைத் போவதற்கு முன் அரியலூரில் ஒரே கடையில் அம்மாவுக்கும் தனக்கும் இரண்டு போன் வாங்கியிருந்தாள். கடைக்காரர் ஏதோ ஒரு முகவரியைத் திறந்து இரண்டிலும் அதையே போட்டுக் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு இப்படித்தான், தன் முகவரி தனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அம்மாவின் போனைச் சார்ஜில் போட்டு, முகவரியை அதிலிருந்து எடுத்தேன். கண்ணாடியில் அம்மாவின் விரல் ரேகை இன்னும் இருந்தது. ஓரமாகப் பிடித்துக்கொண்டேன்.

அந்த முகவரிக்குப் படிக்கும் அனுமதி கொடுத்து நிரலை ஓட்டினேன். இந்த முறை பிழை இல்லை. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் போன் மணியடித்தது. பகிர்ந்ததைச் சொல்லும் அழைப்பு அங்கேயும் வந்திருந்தது. நிரல் வழியாகப் பகிர்ந்தால் நாட்காட்டி தானாக வந்து சேராது, அழைப்பைத் தொட்டுச் சேர்க்க வேண்டும். இரண்டு போனுக்கும் ஒரே கணக்கு என்பதால் அம்மாவின் போனில் நானே தொட்டுச் சேர்த்தேன். அதன் பிறகு அக்கா அங்கே எதைப் பார்ப்பாளோ, அதையே நான் இங்கே அம்மாவின் போனில் பார்க்கலாம் என்று ஆனது.

முப்பதாம் நாளைத் தொட்டேன். சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். அம்மாவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பிஸி' என்று இருந்தது.

விதிகளை மறுபடி பார்த்தேன். முகவரி சரி, அனுமதி சரி. அனுமதியை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தேன். அதே கட்டம். கடைசியில் அந்தப் பதிவை மட்டும் தனியாக வரவழைத்துப் படித்தேன். அந்தரங்கம் என்று குறித்திருந்தது. சில மாதங்களுக்கு முன் ஒரு பெண், புருஷன் குடியை விட வேண்டும் என்று பூசை ஒப்புக்கொடுத்து, அதை அந்தப் புருஷனே துபாயில் படித்துவிட்டுப் போனில் சண்டை போட்டிருந்தான். அதன் பிறகு வரும் பதிவுகளையெல்லாம் மறைத்து வைக்கச் சாமியார் சொல்லி, நிரலில் நான்தான் மாற்றியிருந்தேன், மறந்துவிட்டது. மறைத்த பதிவு என்றால், படிக்கும் அனுமதி இருந்தாலும் பெயர் தெரியாது. ஊர்க்கார அக்காவின் மாமனார் பெயர் அதற்கு முந்திய பதிவு. அப்போதெல்லாம் ஒவ்வொரு பதிவையும் எல்லாரும் பார்க்கலாம் என்று குறித்துப் போட்டிருந்தோம், அதனால்தான் அது தெரிந்தது.

அம்மாவின் பதிவில் மட்டும் அந்தக் குறியை எடுத்தேன். கட்டம் வெள்ளையாகி அம்மாவின் பெயர் வந்தது. ஆன்ம இளைப்பாற்றிக்காக, ஒப்புக்கொடுப்பது மகனும் மகளும் என்று அடக்கத்துக்கு மறுநாள் நான் எழுதியது அப்படியே இருந்தது. அக்காவைப் பார்க்கச் சொல்லிச் செய்தி அனுப்பினேன்.

மறுநாள் தண்ணீர் ஓடும் சத்தத்தோடு பதில் வந்தது.

"பாத்தேன் தம்பி. நேத்து வரைக்கும் இல்ல, இன்னிக்கு இருக்கு. நாங் கேட்ட பொறவுதான் போட்டிருக்க. சரி வுடு. இப்பவாச்சும் குடுத்தியே. மகளும்னு என்னையும் சேத்திருக்க. அம்மாவுக்கு அது போதும்."

பதிவு எப்போது உருவானது என்பதை நாட்காட்டி தனியாகக் குறித்து வைத்திருக்கும். கேட்டுப் பார்த்தேன். அடக்கத்துக்கு மறுநாள் என்றுதான் சொன்னது. அதைப் படம் எடுத்தேன். எல்லாம் ஆங்கிலமும் எண்ணுமாக இருந்தது. அவள் ஐந்தாம் வகுப்பு. அது புரிந்தாலும், நீ நடத்துற மிஷின்தானே, நீ சொல்றதத்தானே அது சொல்லும் என்பாள். படத்தை அனுப்பவில்லை.

முப்பதாம் நாள் கோயிலில் கடைசி வரிசையில் நின்றேன். சாமியார் அம்மாவின் பெயரை வாசித்து, மகனும் மகளும் ஒப்புக்கொடுக்கிறார்கள் என்றார். சட்டைப் பையில் அம்மாவின் போன் அதிர்ந்தது. பூசை தொடங்கியதை நாட்காட்டி நினைவூட்டுகிறது. அதே நேரம் குவைத்தில் ஒரு சமையலறையிலும் அதிர்ந்திருக்கும்.

சாமியார் நன்மை அப்பம் கொடுக்கும்போது என் போனில் அக்காவின் குரல் பதிவு வந்திருந்தது. வெளியே வந்து காதில் வைத்துக் கேட்டேன். தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது.

கல்லறையில் மெழுகுவர்த்தி காற்றுக்கு நிற்கவில்லை. கையால் மறைத்துப் பிடித்தபடி, 'அப்பவே குடுத்துட்டேங்க்கா' என்று ஒற்றை விரலால் எழுதினேன். அதை அழித்துவிட்டு, 'பூசை முடிஞ்சிருச்சுக்கா, உன்னையும் சேத்துதான் வாசிச்சாங்க' என்று எழுதி அனுப்பினேன்.