புயல் ஒருநாள் பிந்தி வந்தது

டிசம்பர் மாதக் கடைசியில் அந்த மலையடிவாரத்தில் நனைந்த புல் மணந்தது. பனியின் குளிர்ந்த மணமோ விறகுப் புகையின் மணமோ வரவேண்டிய இடத்தில், மழையில் ஊறிய புல்லும் சேறும் கலந்த ஒரு வாடை, காரின் கதவைத் திறந்தவுடனேயே மூக்கில் ஏறியது. மொன்ட்ரியாலுக்கு வடக்கே, பனியில் சறுக்கி ஸ்கீ ஓடுவதற்கென்றே சனம் தேடிப்போகும் மலை அது. அண்ணாந்து பார்த்தேன். மலை முழுவதும் மண்ணிறமாகக் கிடக்க, நடுவில் மட்டும் யாரோ ஒரு துவாயைக் காயப்போட்டதுபோல ஒடுங்கிய வெள்ளைக் கோடொன்று கீழே இறங்கியது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஆரணியும் அதைப் பார்த்தாள். அவளுடைய முகம் வாடியதைக் கண்டபோது எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

ஆரணி என் பெரியம்மாவின் ஒரே மகள். என்னைவிடச் சில மாதங்களே மூத்தவள். பெரியம்மா குடும்பம் எங்களுக்கு வெகுகாலம் முன்பே கனடாவுக்கு வந்துவிட்டது. பெரியப்பா பொறியியலாளர். அவர்களுடைய வீடு இல்-பிசார் தீவில், சுற்றிவரப் புல்வெளியும் பின்னால் மரங்களுமாகத் தனித்து நின்றது. நாங்கள் இருந்தது மொன்ட்ரியால்-நோரில், வெளியே இரும்புப் படி வைத்த ஒரு வாடகைக் கட்டடத்தின் மேல்மாடியில். வீட்டுக்காகவோ புல்வெளிக்காகவோ நான் ஆரணியைப் பார்த்து எரிந்ததாக நினைவில்லை. நான் எரிந்ததெல்லாம் அவளுடைய முகத்தில் கிடந்த ஓர் அடையாளத்துக்காக. குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் மலையிலிருந்து இறங்கி நேரே கோயிலுக்கு வருவார்கள். ஸ்கீ ஓடும்போது போடுகிற பெரிய கண்ணாடி மறைத்த இடம் வெளிறியும், மற்ற இடமெல்லாம் பனிவெயிலில் கறுத்தும் அவளுடைய முகம் இரண்டு நிறமாக இருக்கும். பெரியவர்கள் "இதென்னடி, குரங்குக்குட்டி மாதிரி" என்று சிரிப்பார்கள். எனக்கோ அந்த அடையாளம் ஒரு பதக்கம்போலத் தெரியும். ஒருநாள் அம்மாவின் முகப் பவுடரை எடுத்து என் கண்களைச் சுற்றி அந்த வடிவத்தில் பூசிக்கொண்டு கண்ணாடிமுன் வெகுநேரம் நின்றிருக்கிறேன். அம்மா கண்டுவிட்டு, "என்ன கூத்தடி இது, போய்க் கழுவு" என்றார். கழுவினேன், எரிச்சல் மட்டும் போகவில்லை.

அந்த ஆண்டு நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், விடுமுறைக்குப் பெரியப்பா மலையடிவாரத்தில் ஒரு "ஷாலே" எடுத்திருந்தார். மரத்தாலான அந்தச் சின்ன வீட்டில் ஓர் அறை மிச்சம் இருந்ததால் எங்களையும் வரச்சொன்னார். அப்பா பேக்கரியில் வேலை. நத்தார் நாட்களில் அவரால் அசைய முடியாது. அம்மாவும் நானும் போனோம். ஆரணிக்கு அது வெறும் விடுமுறை அல்ல. அந்த மலையின் சிறுவர் ஓட்டக் குழுவுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் போட்டி அந்த வாரத்தில்தான் நடக்க இருந்தது. நட்டுவைத்த கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கவேண்டும். அதற்காக அவள் இரண்டு குளிர்காலமாகப் பழகியிருந்தாள். ஆனால் அந்த முறை நத்தாருக்கு முன்பே மழை தொடங்கி, விழுந்திருந்த கொஞ்சப் பனியையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது.

மலையில் மிஞ்சியிருந்த அந்த ஒரு வெள்ளைக் கோடும் வானம் தந்ததல்ல. குளிர் கொஞ்சம் இறங்கிய வேளைகளில் இயந்திரங்களைக் கொண்டு நீரைத் தூளாக விசிறிப் பனி செய்தார்கள். ஓயாமல் இரைந்துகொண்டிருந்த அந்த இயந்திரங்களை ஆரணி "பீரங்கி" என்பாள். முதல் நாள் அந்த இரைச்சல் கேட்டதும் அம்மா குசினியில் கையிலிருந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, "என்னக்கா, ஊரிலை குண்டு போட்ட பொம்பர் மாதிரிக் கிடக்கு" என்றார். பெரியம்மா யன்னலைச் சாத்திவிட்டு, "உது பனி செய்யிற மிசின். நீ தேத்தண்ணியைக் குடி" என்றார். அம்மா தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். ஆனால் இயந்திரம் நிற்கும்போதெல்லாம் அவருடைய தோள்கள் கொஞ்சம் தாழ்வதை நான் பார்த்தேன்.

பிறகு காத்திருப்பு ஆரம்பித்தது. அந்த வீட்டுத் தொலைக்காட்சியில் காலநிலைச் செய்தி தவிர வேறெதுவும் ஓடவில்லை. பிரெஞ்சில் விறுவிறுவென்று பேசும் ஒரு பெண் படத்தில் சுருண்டு கிடந்த மேகத்தைக் காட்டி, பனிப்புயல் வருகிறது, நாளை, இல்லை நாளை மறுநாள் என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். அடுத்த வீட்டுக்காரர்கள் பூட்ஸ் காலோடு சேற்றில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். கடையில் பால் வாங்கப் போனால் அங்கேயும் அதே பேச்சு. பெரியம்மா பிள்ளையார் படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதை மைக்ரோவேவ்வின் மேல் வைத்து, போட்டிக்கு முன் புயல் வந்தால் தேங்காய் உடைப்பதாக நேர்ந்தார். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "புயல் வரக்கூடாது எண்டு நேந்த சனத்தைக் கண்டிருக்கிறன். வரவேணும் எண்டு நேருற சனத்தை இஞ்சைதான் பாக்கிறன்."

நானும் அந்தப் படத்தின்முன் நின்றேன். கைகூப்பி, புயல் வரக்கூடாது என்று கேட்டேன்.

ஏனென்றால் அந்த நாட்கள் எனக்குப் பொன்னாக இருந்தன. ஆரணி முன்பு போட்டுக் கழித்த ஸ்கீயையும் பூட்ஸையும் எனக்குத் தந்திருந்தார்கள். பெரியப்பா அந்த வெள்ளைக் கோட்டின் கீழ்முனையில் என்னை நிறுத்தி, முன்நுனிகளைச் சேர்த்துப் பின்னால் அகட்டி நின்று வேகத்தைப் பிடிக்கப் பழக்கினார். "பீட்சாத் துண்டு மாதிரிப் பிடி பிள்ளை, பீட்சா, பீட்சா" என்று கத்திக்கொண்டே எனக்கு முன்னால் பின்பக்கமாகச் சறுக்கிப் போவார். மலையில் வேறு பாதை திறந்திருக்கவில்லை. அதனால் ஆரணியும் அந்த ஒரே கோட்டில்தான் ஓடவேண்டும். பெரிய ஓட்டக்காரர்களும், முதல்தடவை ஸ்கீ மாட்டிய குழந்தைகளும், நானும், அவளும் ஒரே வரிசையில் நின்றோம். அவள் எடுத்த எடுப்பில் கீழே வந்துவிடுவாள். வந்து, நான் விழுந்து எழும்பிக்கொண்டிருக்கும் அதே இடத்தில் மூக்கு சிவக்க நிற்பாள். ஏறிப் போக அவளுக்கு வேறு உயரம் இல்லை. அவ்வளவு காலத்தில் முதல்முறையாக அவளுக்குக் கிடைத்தது மட்டுமே எனக்கும், எனக்குக் கிடைத்தது மட்டுமே அவளுக்கும் கிடைத்தது.

போட்டியைப் புயலை நம்பி ஒருமுறை தள்ளிவைத்தார்கள். மறுபடியும் தள்ள முடியாமல், மழை விட்டு இரவோடிரவாக எல்லாம் உறைந்துபோன ஒரு காலையில் அந்தக் கோட்டிலேயே கம்பங்களை நட்டார்கள். அது பனியாக இருக்கவில்லை. சாம்பல் நிறமான கண்ணாடியாக இருந்தது. பிள்ளைகள் இறங்கும்போது ஸ்கீ விளிம்புகள் பாளத்தைச் சுரண்டும் சத்தம் கீழே நின்ற எங்களுக்குக் கேட்டது. ஆரணி நன்றாகத்தான் தொடங்கினாள். நடுவில் ஒரு வளைவில் கால் இழுபட, ஒரு பக்கமாக விழுந்து, கம்பத்தையும் சாய்த்துக்கொண்டு வெகுதூரம் வழுக்கிவந்து, ஓரத்தில் கட்டியிருந்த வலையில் மோதி நின்றாள். அடி ஒன்றும் படவில்லை. பெரியம்மா "ஐயோ என்ரை பிள்ளை" என்று ஓடினார். ஆரணி யாரையும் தொடவிடவில்லை. ஸ்கீயைத் தோளில் தூக்கிக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பாராமல் வீட்டை நோக்கி நடந்தாள்.

மறுநாள் காலை விழித்தபோது யன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. புயல் வந்திருந்தது. கார்கள் மறைந்து, வேலிகள் மறைந்து, மலை மேலிருந்து அடிவரை வெள்ளையாக எழுந்து நின்றது. மதியத்துக்கு முன் பனி கொஞ்சம் ஓய்ந்ததும் கம்பியில் தொங்கி ஏறும் இருக்கைகளை ஓடவிட்டார்கள். பிள்ளையார் பெரியம்மாவையும் கைவிடவில்லை, என்னையும் கைவிடவில்லை. ஆளுக்குப் பாதி கொடுத்துவிட்டார்.

ஆரணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"எழும்பு பிள்ளை, பனியைப் பார். இப்பிடிப் பனி வருசத்திலை ஒருக்காத்தான்" என்றார் பெரியப்பா.

"நான் வரேல்லை."

"உந்தப் பழசு இந்தப் பனிக்குச் சரிவராது" என்று என்னுடைய ஸ்கீயைக் காட்டிச் சொன்ன பெரியப்பா, கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஆரணியின்ரை புதுசைப் போட்டுக்கொண்டு நீ வாறியே?" என்று என்னிடம் கேட்டார்.

அம்மா உடனே, "வேண்டாம் அத்தான், பேந்து அவள் எழும்பிக் கேப்பாள்" என்றார்.

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "கொண்டு போகட்டும். எனக்கு உதுகள் வேண்டாம்."

நான் அதற்குள் ஒரு காலை அவளுடைய பூட்ஸுக்குள் விட்டிருந்தேன். அவளுடைய சிவப்பு ஜாக்கெட், அவளுடைய கண்ணாடி, அவளுடைய ஸ்கீ. எல்லாம் எனக்கென்று அளந்து செய்ததுபோலப் பொருந்தின.

அந்தத் தொங்கும் இருக்கையை நாங்கள் "கதிரை" என்றே சொல்வோம். கதிரையில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து மேலே போகும்போது, காலுக்குக் கீழே பனி பூத்த மரங்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. அவர் தானாகவே பேசத் தொடங்கினார். "எனக்கு உதிலை ஆசையே இருக்கேல்லை, தெரியுமே? ஒஃபிஸிலை திங்கட்கிழமை எண்டால் எல்லாரும் ஸ்கீக் கதைதான். எந்த மலை, என்ன பனி, ஆர் விழுந்தது. நான் கோப்பியைப் பிடிச்சுக்கொண்டு வாய் பாத்துக்கொண்டு நிப்பன். எரிஞ்சு எரிஞ்சுதான் பழகினனான்." பிறகு கொஞ்சம் சிரித்தார். "பழகின பிறகு பாத்தால், அவங்களை விட எனக்குத்தான் விசர்."

இறங்கியதை எப்படிச் சொல்ல? மலையைச் சுற்றிவரும் இலகுவான பாதையில்தான் கூட்டிவந்தார். விழுந்தேன், புதைந்தேன், வாய்க்குள்ளும் கழுத்துக்குள்ளும் பனி போனது. ஆனால் விழாமல் ஓடிய சில இடங்களில் காலுக்குக் கீழே சத்தமே இல்லை. அந்த வாரம் முழுக்கக் கேட்ட சுரண்டலும் இரைச்சலும் இல்லாமல், பஞ்சின்மேல் போவதுபோல ஒரு மௌனம். இதைத்தான் இவள் இவ்வளவு காலமும் தனக்குள் வைத்திருந்தாளா என்று, அந்த ஆனந்தத்தின் நடுவிலும் எனக்குப் பொறாமை வந்தது.

கீழே வந்தபோது ஆரணி நின்றாள். அவளுடைய ஜாக்கெட் என்னிடம் இருந்ததால், எனது பழைய ஊதா ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அதன் கை ஓரத்தை அம்மா வேறு நிறத் துணியால் நீட்டித் தைத்திருந்தார்.

"கழட்டு" என்றாள்.

"ஆரணி, அவள் இன்னும் ஒருக்காப் போகட்டும்" என்றார் பெரியப்பா.

"கழட்டடி எண்டு சொல்லுறன். என்ரை ஸ்கீ."

அவளுடைய கண்ணைப் பார்த்தேன். அழுது வீங்கியிருந்த அந்தக் கண்களில் இருந்தது எனக்கு நன்றாகப் பழக்கமான ஒன்று; எங்கள் வீட்டுக் கண்ணாடியில் பலதடவை கண்டிருக்கிறேன். ஸ்கீயையும் பூட்ஸையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவள் போட்டுவந்த பூட்ஸை மாட்டிக்கொண்டேன். ஜாக்கெட்டை மாற்ற அவளுக்குப் பொறுமை இருக்கவில்லை. கதிரையில் ஏறிப் போய்விட்டாள். பெரியப்பா அவளைத் தொடர்ந்து போகாமல், என்னோடு கீழேயே நின்றார்.

சற்று நேரத்தில் உச்சியில், செங்குத்தான பாதையின் தொடக்கத்தில், ஓர் ஊதாப் புள்ளி தெரிந்தது. யாரும் இன்னும் உழாத பனியில் அது இடமும் வலமுமாக வளைந்து, பின்னால் வெண்புகை எழும்ப, ஓரிடமும் தயங்காமல் இறங்கி வந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் பிரெஞ்சில், "அந்த ஊதா ஜாக்கெட் பிள்ளையைப் பாருங்கோ" என்றார். நான் சிவப்பு ஜாக்கெட்டுக்குள் நின்றுகொண்டு என்னுடைய சொந்த ஜாக்கெட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

அடுத்த ஆண்டுப் போட்டியில் ஆரணி தெரிவானாள். பல ஆண்டுகள் ஓடினாள். கொஞ்சக் காலம் பழக்குநராகவும் இருந்தாள். என்னுடைய கல்யாண வீட்டில், என் தலையில் பூவைச் செருகிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "அண்டைக்கு நான் ஸ்கீயை விட்டுட்டன் எண்டுதான் படுத்தனான். யன்னலாலை நீ என்ரை உடுப்போடை கதிரையிலை ஏறிறதைக் கண்டன். பொறுக்கேல்லை." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "உண்மையடி. உன்னைப் பாத்து எரிஞ்சுதான் எழும்பினனான்."

போன நத்தாருக்கு நாங்கள் இருவரும் பிள்ளைகளோடு அதே மலைக்குப் போனோம். பெரியப்பா வரவில்லை, முழங்கால் விடாது. அண்மைக்கால நத்தார்களைப்போலவே அந்த நத்தாருக்கும் மழை பெய்தது. எங்கள் சிறுவயதில் ஒரு துர்ப்பாக்கியமான ஆண்டாக இருந்தது இப்போது வழமையாகிவிட்டது. ஷாலே இருந்த இடத்தில் மாடிக்கட்டடம் ஒன்று நிற்கிறது. பழைய கதிரைகளைக் கழற்றிவிட்டார்கள். பால் கடையில் வானத்தைப் பற்றிப் பேச யாரும் இல்லை. எங்கள் பிள்ளைகள் மண்ணிற மலையை ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படம் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குள் எரிச்சல் இல்லை. எரிவதற்கு அங்கே ஒன்றும் விழவுமில்லை.

நானும் ஆரணியும் வாசலில் தூறலுக்கு ஒதுங்கி நின்றோம். வருகிற புயலின் பாதையை அவள் தன் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருண்ட மேகம் எங்களை நோக்கி வந்து, கடைசி நேரத்தில் தெற்கே சரிந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் போவதாகப் படம் காட்டியது.

"அமெரிக்காக்காரனுக்குத்தான் விழப்போகுது" என்றாள்.

"முழுக்கவோ?"

"முழுக்க."

எங்கள் வாழ்நாளில் முதல்தடவையாக, நாங்கள் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம்.