‘பி’ வாசலுக்குப் போகும் வழி

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு நானும் என் மனைவி தவமணியும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பினோம். போகவேண்டிய ஊர் கிள்ளான். போன காரணம், வீடு பார்ப்பது. வெளியூரில் இருந்து இதைப் படிப்பவர்கள் இதை உல்லாசப் பயணம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ரயில் பாதைகள் யாருக்காக வளர்கின்றன என்று ஒரே நாளில் நான் பார்த்ததை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

தவமணிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பாளராக இருக்கிறாள். கைத்தடியை நீட்டிக்கொண்டு பல வருடங்களாகத் தனியாகத்தான் வேலைக்குப் போய் வருகிறாள். நான் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் இருக்கிறேன். நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டை உரிமையாளர் விற்கப்போகிறார். அதே வாடகைக்கு இந்த வட்டாரத்தில் இனி ஓர் அறைதான் கிடைக்கும். எல்லா ரயில்களும் வந்து சேரும் பெரிய நிலையம் பக்கத்தில் இருப்பதால், சாதாரண மனிதர்கள் குடியிருந்த கட்டடங்கள் ஒவ்வொன்றாகத் தங்கும் விடுதிகளாகிவிட்டன. ரயில் வந்ததால் வீடு போகிறது. சரி, ரயில் போகிற ஊருக்கே நாமும் போவோம் என்று கிளம்பினோம்.

கிள்ளானில் எல்ஆர்டி எனும் இலகு ரயிலுக்குப் புதிய தடம் ஒன்று திறந்திருக்கிறது. அதில் ஏறினால் வண்டி மாறாமல் பெட்டாலிங் ஜெயாவில் தவமணியின் அலுவலகத்துக்கு அருகிலேயே இறங்கலாம். நிலையத்தை ஒட்டிய குடியிருப்பில் நான்காம் மாடி வீடு ஒன்று வாடகைக்கு வந்திருப்பதாக முகவர் கோமதி சொல்லியிருந்தார். வீட்டைப் பார்ப்பது, பிறகு புதிய ரயிலில் ஏறி அலுவலகம் வரை போய்ப் பார்ப்பது. அதுதான் அன்றைய திட்டம்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கொமுட்டர் எனும் புறநகர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு முன்பின்னாக ஆகும். உடற்குறை உள்ளோருக்கான அட்டை இருப்பதால் தவமணிக்குப் பாதிக் கட்டணம். பெட்டியில் குளிர் அதிகம். ஸ்ரீ செத்தியா நிலையம் வந்தபோது, "சுங்கை வே வந்துருச்சு" என்றாள் தவமணி. பழைய ஆட்களுக்கு அந்த நிலையம் இன்னும் சுங்கை வேதான். அவள் பிறந்து வளர்ந்த இடம். அன்று அவள் சந்தோஷமாக இருந்தாள். வேலைக்குப் போடும் காலணியையே போட்டுக்கொண்டு வந்திருந்தாள், தினமும் நடக்கப்போகும் தூரம் சரியாகத் தெரியவேண்டுமாம்.

ஷா ஆலம் தாண்டியதும் எதிரில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் பேச்சுக் கொடுத்தார். அறுபது வயதிருக்கும். மடியில் கறிவேப்பிலைக் கட்டு. நாங்கள் எங்கே போகிறோம் என்று சொன்னேன்.

"அந்தப் பக்கமா?" என்றார். "அங்கதான் எங்க வீட்டுக்காரரு டயர் கடை வெச்சிருந்தாரு. தூண் நடறோம்னு ரோட்ட மூடிட்டாங்க. எத்தனை வருஷம் தூசி தின்னோம் தெரியுமா? கஸ்டமர் கார் உள்ள வர வழியே இல்ல. கடைய மூடிட்டோம்."

"இப்பதான் ரயில் ஓடுதே ஆன்டி," என்றாள் தவமணி.

"ஓடுது. நான் இன்னும் கொமுட்டர்லதான் போறேன்."

"ஏன்?"

"போறீங்கல்ல, பாருங்க. தெரியும்," என்றார் அவர். கிள்ளானில் இறங்கும்போது தவமணியின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

கிள்ளான் நிலையத்திலிருந்து வாடகைக் காரில் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. கோமதி வாசலிலேயே நின்றிருந்தார். முப்பது வயதுப் பெண், சுறுசுறுப்பு. வீடு நன்றாகவே இருந்தது. இரண்டு அறை, காற்றோட்டம், மின்தூக்கி வேலை செய்தது. தவமணி சுவரைத் தொட்டுக்கொண்டே வீடு முழுக்க ஒரு சுற்று நடந்துவிட்டு, பால்கனிக்கு வந்து நின்றாள். கீழே நெடுஞ்சாலை. அதன் மறுபக்கத்தில் புதிய நிலையம், வெள்ளையும் சாம்பலுமாக, கழுவி வைத்தது போல. நிலையத்திலிருந்து கூரை போட்ட பாலம் ஒன்று எங்கள் பக்கமாக நீண்டு வந்து, மரங்களுக்குப் பின்னால் மறைந்தது.

"கதவு மூடற மணி கேக்குதுங்க," என்றாள் தவமணி. எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. "இங்க நின்னுக்கிட்டே ட்ரெய்ன் வந்தாச்சான்னு தெரிஞ்சிக்கலாம்."

"அக்கா, பாலம் நம்ம கேட் பக்கத்துலயே இறங்குது," என்றார் கோமதி. "அஞ்சு நிமிஷம் கூட ஆகாது லா. இந்த ஏரியாவுல இத விட வசதியான வீடு கிடைக்காது."

தவமணி என் கையைத் தேடிப் பிடித்தாள். எங்களுக்கு அந்த வீடு பிடித்துவிட்டது. நடந்து பார்த்துவிட்டுச் சாயங்காலம் முடிவு சொல்கிறோம் என்றேன். கோமதிக்கு அடுத்த ஆள் காத்திருந்ததால் காரில் ஏறிப் போய்விட்டார்.

கீழே இறங்கி, மரங்களைத் தாண்டி, பாலம் இறங்கும் இடத்தைத் தேடினேன். அப்படி ஓர் இடமே இல்லை. பாலம் நெடுஞ்சாலைக்கு மேலே பாதி தூரம் வந்து அந்தரத்தில் நின்றது. அதன் முனையைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். படிக்கட்டும் இல்லை, மின்தூக்கியும் இல்லை.

"என்னாச்சு?" என்றாள் தவமணி.

சொன்னேன். கோமதியைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். "பாலம் இறங்கலையே கோமதி?"

"இறங்கலையாண்ணே? நான் கார்ல வந்து கார்ல போற ஆளு. கவனிக்கல. கட்டிடுவாங்கண்ணே, அவ்ளோ தூரம் கட்டினவங்க மிச்சத்த விட்டுடுவாங்களா?"

எதிரில் தெரிகிற நிலையத்துக்கு நேராக நூற்றைம்பது மீட்டர் கூட இருக்காது. கைப்பேசியின் வரைபடம் காட்டிய நடைவழி ஒன்றே கால் கிலோமீட்டர். சாலை ஓரமாகப் போய், மேம்பாலத்துக்கு அடியில் இருக்கும் சமிக்ஞை விளக்கில் கடந்து, மறுபக்கத்தில் அதே தூரம் திரும்பி வரவேண்டும். நடைபாதை கிடையாது. சாக்கடையை மூடிய சிமெண்டுப் பலகைகள் மேல்தான் நடக்கவேண்டும். சில பலகைகள் உடைந்து வாயைப் பிளந்து கிடந்தன. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லோரிகள் எங்கள் தோளை உரசுவது போல ஓடின. லோரி கடக்கும்போதெல்லாம் தவமணி நின்றுவிடுவாள். தடி தட்டும் சத்தம்தான் அவளுக்கு வழி. அந்த இரைச்சலில் அது கேட்பதில்லை.

அடுத்து நடந்தது ஒரு நொடியில் முடிந்தது. பலகை இல்லாத இடத்தைச் சுற்றிப்போக நாங்கள் சாலை ஓரத்தில் இறங்கினோம். பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் அதே ஓரத்தில் வந்தது. தவமணியை நான் இழுத்துக்கொண்டேன். தடி மட்டும் சக்கரத்தில் மாட்டியது. அந்த ஆள் நிறுத்தி ஓடிவந்தார். வீடுகளுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற மலாய்க்காரர். முகம் வெளிறியிருந்தது. "மாஃப் கக், மாஃப்," என்று தவமணியை அக்கா என்றழைத்துத் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அவரைத் திட்ட வாயெடுத்தேன். தவமணி தடுத்தாள். "அவருக்கு மட்டும் ரோடு எங்க விட்டிருக்காங்க? விடுங்க."

மடக்குத் தடியின் கடைசித் துண்டு வளைந்துவிட்டது. அதன் பிறகு நிலையம் வரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பல வருடங்களாகத் தனியாக வேலைக்குப் போகிறவள், அன்று என்னைப் பிடித்த பிடியில் என் கை வலித்தது.

நிலையத்துக்குள் நுழைந்தபோது பதினொன்றரை. உள்ளே எல்லாம் பளிங்கு. வாசலிலிருந்தே பார்வையற்றோருக்கான மஞ்சள் தட ஓடு ஆரம்பித்தது. மின்தூக்கியின் பொத்தான்களில் பிரெய்ல் எழுத்து. எந்த மாடி என்று ஒரு குரல் சொன்னது. தவமணி என் கையை விட்டாள். வளைந்த தடியைப் பாதியாக மடித்துக்கொண்டு, காலால் ஓட்டின் வரிகளைத் தேடி, அவளே முன்னால் நடந்தாள். கைப்பிடிக் கம்பியில் ஒரு சின்னத் தகடு இருந்தது. விரலால் தடவி, "வாசல் பி, இந்த வழி," என்று படித்தாள். நான் தடுக்கவில்லை. அந்த வாசல் எங்கே போகிறது என்று அப்போது எனக்கும் உறைக்கவில்லை.

மஞ்சள் ஓடு ஒரு திருப்பத்தில் திரும்பியது. அவளும் திரும்பினாள். ஓடு நேராகப் போய் ஒரு பலகைத் தடுப்பில் முட்டி நின்றது. தரையிலிருந்து கூரை வரை ஒட்டுப்பலகை. அதன்மேல் சிரிக்கும் குடும்பம் ஒன்றின் படம். தவமணியின் நீட்டிய கை அந்தப் படத்தில் போய் மோதியது. உள்ளங்கையால் மேலும் கீழும் தடவினாள். பிறகு இரண்டு முறை தட்டினாள்.

"இதான் நம்ம வீட்டுப் பக்கம் போற பாலமா?"

"ஆமா."

"ஓடு போட்டிருக்காங்களே."

"ஆமா தவம்."

"கண்ணு தெரிஞ்சவங்க பலகையப் பாத்துத் திரும்பிடுவாங்க. இந்த ஓடு எனக்குத்தான் போட்டது. என்னத்தான் இங்க கொண்டாந்து முட்ட வெச்சிருக்காங்க."

நிலைய ஊழியர் ஒருவர் ஓடிவந்தார். இளம் மலாய்ப் பெண், மிகவும் பணிவு. அந்தப் பக்கம் இரண்டாம் கட்ட வேலையில் வரும் என்றார். எப்போது என்று கேட்டேன், தெரியாது என்றார். செலவைக் குறைக்கும்போது சில வாசல்களைத் தள்ளி வைத்துவிட்டார்களாம். சுவரில் ஒட்டியிருந்த கியூஆர் குறியீட்டைக் காட்டி, அதைக் கைப்பேசியில் படம் பிடித்தால் புகார் கொடுக்கலாம் என்றார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கே உடனே தோன்றிவிட்டது. முகம் சிவந்து தலை குனிந்தார். "அடுத்த தடவை வருமுன்னே போன் பண்ணுங்க கக், நாங்க வாசலுக்கு வந்து கூட்டிட்டுப் போறோம்," என்றார் மலாயில்.

"வாசல் வரைக்கும் நான் எப்படி வர்றது?" என்று தவமணி அதே மொழியில் கேட்டாள். குரல் உயரவில்லை. அந்தப் பெண் மேல் தவறு இல்லை. தவறு செய்தவர்கள் யாரும் அந்த நிலையத்தில் நிற்பவர்கள் அல்ல. அவர்கள் ரயிலில் வருகிறவர்களாகவும் எனக்குத் தோன்றவில்லை.

"வேணாம், கொமுட்டர் பிடிச்சு வீட்டுக்குப் போவோம்," என்றேன் நான். "இந்த வீடு நமக்கு வேணாம்."

"நீங்க முடிவு பண்ணாதீங்க," என்றாள் சட்டென்று. "ஆபிஸ் வரைக்கும் போகணும்னுதான வந்தோம்? போவோம்."

போனோம். அந்த ரயிலைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது, தூண்களின் மேல், வீட்டுக் கூரைகளுக்கு மேலாக. குலுக்கல் இல்லை. ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் தெளிவாகச் சொல்கிறார்கள். தவமணி வாய்க்குள் பெயர்களை அடுக்கிக்கொண்டே வந்தாள். பெட்டாலிங் ஜெயாவில் இறங்கினோம். அங்கே ஓடு மின்தூக்கி வரை போனது, மின்தூக்கியிலிருந்து வாசல் வரை போனது, வாசலில் இருந்து கூரை போட்ட நடைபாதையில் அலுவலகக் கட்டடங்களின் வாசல் வரையே போனது. அவள் எனக்கு முன்னால் நடந்து, தன் அலுவலகத்துக் கண்ணாடிக் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். ஒரு முறை கூட நிற்கவில்லை.

எனக்கு அங்கேதான் கோபம் தலைக்கேறியது. செய்யத் தெரியாமல் இல்லை, செய்யத் தெரிகிறது. அலுவலகங்களும் பேரங்காடியும் இருக்கும் முனையில் கூரையோடு செய்கிறார்கள். வாடகை குறைந்த குடியிருப்பு இருக்கும் முனையில், சாலைக்கு நடுவே நிறுத்திவிட்டுத் தகரம் அடிக்கிறார்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் எந்த முனையில் குறைப்பது என்பதில் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது.

பக்கத்திலிருந்த கடையில் தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "வேணாம்னே சொல்லிடுங்க," என்றாள்.

"பயமா இருக்கா?"

"பயம் இல்ல. நீங்க ரெண்டு வாரம் கூட வந்தா நான் அந்த ரோட்டையும் பழகிக்குவேன். ஆனா தினமும் காலைல கோவத்தோட வேலைக்குப் போக என்னால முடியாதுங்க. எட்டு மணிக்கு நான் போன எடுத்து வணக்கம் சொல்லணும்."

பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பிய பிறகு, மாலை ஆறு மணிக்குக் கோமதியைக் கூப்பிட்டேன். நான் சொல்லும் முன்பே அவர் சொன்னார். "சாரிண்ணே, மத்தியானமே ஒரு ஜோடி பாத்துட்டுப் பிடிச்சுக்கிட்டாங்க. எல்ஆர்டி பக்கம்னதும் உடனே சரின்னுட்டாங்க."

"அவங்க எங்க வேலை செய்யறாங்க? ரயில்லயா போவாங்க?"

"ரயிலா? இல்ல லா, ஆளுக்கு ஒரு கார் இருக்கு. பார்க்கிங் ரெண்டு கிடைக்குமான்னு மட்டும்தான் கேட்டாங்க."

தவமணியிடம் சொன்னேன். அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தவள் தண்ணீர்க் குழாயை மூடினாள். எங்களுக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. உரிமையாளர் கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருக்கிறது. அதையெல்லாம் அவள் பேசவில்லை.

"அந்த ஸ்டேஷன் ஆபிஸ் நம்பர் எடுத்துக் கொடுங்க," என்றாள். "மேலிடத்து நம்பர். திங்கக்கிழமை சாப்பாட்டு நேரத்துல கூப்பிடப் போறேன். இத்தனை வருஷமா பொறுமையா பேசித்தான் சம்பளம் வாங்கறேன். அன்னிக்கு பொறுமையா பேசமாட்டேன்."