குதிரை கட்டுற கல்

கண்ணுகளா, ஞாயிற்றுக்கிழமையானால் டவுன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பழைய குதிரைப் பாதையில் அடிவாரம் வரைக்கும் நடந்து போவேனே, அதை ஏன் திடீரென்று விட்டுவிட்டேன் என்று நீங்கள் இரண்டு பேரும் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். முட்டி வலி என்று சொல்லி வைத்தேன். முட்டியில் ஒன்றுமில்லை. இப்போது நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள், சொல்லலாம்.

ரோடு வருவதற்கு முன்னால் துரைமார் குதிரையிலும் டோலியிலும் மலையேறிய பாதை அது. கூலி ஆட்கள் தலைச்சுமையோடு ஏறியதும் அதில்தான். ஆனால் வருகிறவர்கள் துரை கதையைத்தான் கேட்பார்கள், நானும் அதைத்தான் சொல்லுவேன். பாதி இறக்கத்தில் ஒரு பலாமரத்தடியில், கழுத்து உயரத்துக்கு இரண்டு கல் நட்டிருக்கும். "இது குதிரை கட்டுற கல்லுங்க" என்பேன். எஸ்டேட்டில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். குதிரைப் பாதையில் நட்ட கல் வேறு எதற்கு?

ஒரு வருஷம் மழை விட்ட சமயம், லாட்ஜ்காரர் ஒரு புருஷன் பெண்டாட்டியை என்னிடம் அனுப்பினார். சேலத்தில் தறி ஓட்டுகிறவர், ஐம்பது வயது இருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஒரு சாக்குப் பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். உள்ளே கேழ்வரகு.

"குடுங்க, நான் கொண்டாரேன்" என்றேன்.

"வேண்டாமுங்க. இது எங்கம்மா கல்லுலதான் இறங்கோணும்."

நடந்துகொண்டே சொன்னார். அவருடைய அம்மா இந்த மலையில் காப்பி மூட்டை சுமந்தவள். வயிற்றில் பிள்ளையோடு இந்தப் பாதையிலேயே விழுந்து செத்துப்போனாள். அப்படிப் போன பொம்பளைக்கு இறக்கி வைக்காத பாரம் ஒன்று மிச்சம் இருக்கும் என்று, அவள் பேரில் சுமைதாங்கி வைப்பார்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைப் படுக்கப் போடுவது. தலைச்சுமையோடு வருகிறவர்கள் குனியாமல் அதன்மேல் தள்ளி வைத்து மூச்சு விட்டுக்கொள்ளலாம். அவருடைய அப்பா அதைச் செய்துவிட்டு, அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த இவரைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கிவிட்டார்.

"என்ற மக மாசமா இருக்குறாளுங்க. முன்ன ரெண்டு தங்கலை. இப்ப ஆஸ்பத்திரியில படுக்க வெச்சிருக்காங்க. டாக்டரு ஒண்ணும் நல்லபடியாச் சொல்ல மாட்டேங்குறாரு. அவ பேர்ல இதை எங்கம்மாகிட்ட இறக்கி வெச்சுட்டா, அவளுக்கும் இறங்கிருமுங்க."

அவருடைய சம்சாரம் பின்னாலேயே வந்தது. "வழுக்குதுங்க, பாத்து" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

எனக்கு அப்படி ஒரு கல்லைப் பார்த்த ஞாபகமே இல்லை. தேடிப் பார்ப்போம் என்றேன். இரண்டு பக்கமும் உண்ணிச்செடியை விலக்கி விலக்கிப் பார்த்தபடி இறங்கினோம். அவர் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. ஒரு இடத்திலும் சுமையை இறக்கவில்லை. தண்ணீர்கூட அந்தம்மாதான் அவர் வாயில் ஊற்றியது.

பலாமரத்தடிக்கு வந்ததும் பழக்க தோஷம், "இது குதிரை கட்டுற கல்லுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் காலடிச் சத்தம் வரவில்லை. திரும்பினேன்.

அவர் அந்த இரண்டு கல்லுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையால் சுமையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கல்லின் தலையைத் தடவினார். பாசிக்குக் கீழே வாயை வெட்டி வைத்திருந்தது, பலகைக் கல் உட்காருவதற்கு. எத்தனையோ தடவை அதில் சாய்ந்து நின்று கதை சொன்னவன் நான்.

"இதுதானுங்க" என்றார். "மேல்கல்லு எங்கீங்க?"

மேலே சரிவில் ஒரு வயசான அம்மா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தது. "ஏனுங்க, பஸ்ஸு ஓடுறது தெரியாதா? கழுதைக்கு லீவு உட்டுட்டீங்களா, நீங்களே சுமந்துட்டு வர்றீங்க?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அதன் முகம் மாறிவிட்டது. அரிவாளைக் கீழே போட்டுவிட்டு இறங்கி வந்தது.

"அந்தப் பலகைக் கல்லுங்களா... நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல எஸ்டேட் ஆளுக தூக்கிட்டுப் போயி ஓடைக்குக் குறுக்கப் போட்டாங்க சாமி, ஜீப் போறதுக்கு. அப்புறம் ஒரு மழைக்கு வெள்ளம் வந்து எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போயிருச்சு. நொம்ப வருஷமாச்சு."

அவர் அப்படியே நின்றார். தலையில் சுமை, முன்னால் அம்மா கல், இறக்கி வைக்க இடம் இல்லை.

"ஏனுங்க, கல்லுக்கு அடியிலயாவது வெய்யுங்க" என்றது சம்சாரம்.

"கீழ வெச்சா அது இறக்குனதாகுமா?"

"அப்ப என்ற தலைமேல வெய்யுங்க."

"உனக்கெதுக்கு அம்மிணி?"

நான் ஓடி ஒரு தட்டைக் கல் தேடினேன். கிடைத்ததெல்லாம் முழநீளம்கூட இல்லை. காய்ந்த கிளை ஒன்றைக் குறுக்கே வைத்தேன், கை பட்டதும் ஒடிந்தது. புல்லறுத்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டது. "போதும், வாங்க" என்று அவர்தான் சொன்னார். அதே சுமையோடு அடிவாரம் வரைக்கும் வந்தார். பஸ்ஸிலும் மடியில்தான் வைத்துக்கொண்டார்.

இரண்டு மூன்று மாதம் கழித்து, உங்களுக்குத் துணி எடுக்கச் சேலம் போனபோது பஸ் ஸ்டாண்டில் அவருடைய சம்சாரத்தைப் பார்த்தேன். மகளை விசாரித்தேன்.

"ரெண்டு உசுரும் போயிருச்சுங்க" என்றது. "அவரு இன்னும் அந்தப் பையை அவுக்கலைங்க. ஊட்டுல மூலையில கிடக்குது. தொட உட மாட்டேங்குறாரு."

கல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு விவரம் இல்லாதவனில்லை நான். ஆனால் அந்த மனுஷன் சாகிற வரைக்கும் அப்படித்தான் நினைப்பார். அதற்கப்புறம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்களைக் கூட்டிப் போனேன். பலாமரத்தடியில் ஒருத்தர், "இது என்னங்க?" என்று கேட்டார். "நடங்க, நேரமாச்சு" என்று கூட்டிக்கொண்டு இறங்கினேன். அன்றோடு விட்டுவிட்டேன்.

மறுவாரம் நம் வீட்டுக்குப் பின்னால் கிடந்த பலாப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகப் போனேன். இரண்டு கல்லுக்கும் மேலே படுக்க வைத்தேன். ஒரு பக்கம் ஆடியது. ஒரு சில்லுக் கல்லைப் பொறுக்கி அடியில் செருகினேன்.