அல்பேட்டுக்கு ஏர்சாட்ஸ்

போன சனிக்கிழமை ஒஸ்லோவின் குறொன்லாண்டில் முருங்கைக்காயும் மல்லியும் வாங்கிக்கொண்டு மோர்டென்ஸ்ருட் போகும் ரயிலில் ஏறினேன். பக்கத்தில் என் நண்பன் சேவியரின் மகள் அனிற்றா. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கிறாள். கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே, "மாமா, ஏர்சாட்ஸ் எண்டா என்ன?" என்று கேட்டாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்தப் பிள்ளைகள் எங்களிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்பதே அபூர்வம் அல்லவா? நோர்வேக்கு வருமுன் ஒன்றரை வருடம் ஜெர்மனி அகதி முகாமில் கிடந்து, களவாக ஒரு கராஜில் வேலையும் செய்தவன் நான். அங்கே மாற்றுச் சில்லுக்கும் உதிரிப்பாகத்துக்கும் முன்னால் இந்தச் சொல் ஒட்டிக்கொண்டு நிற்கும். பட்டாளத்திலும் அது பெரிய சொல்தான், சண்டையில் விழுந்தவர்களின் இடத்தை நிரப்ப அனுப்பும் படைக்கு அதுதான் பெயர் என்று கராஜ் முதலாளி சொல்வார். ஒருவனுக்குப் பதில் இன்னொருவன், ஒரு பழுதும் இல்லாத சொல் என்று அவளுக்குப் பெரிய பிரசங்கமே வைத்தேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இங்கிலிஷிலை அப்பிடியில்லை மாமா. ஒறிஜினல் கிடைக்காததாலை வைக்கிற மட்டமான சாமானுக்குத்தான் அப்பிடிச் சொல்லுவினம்," என்றாள்.

யுத்தகாலத்தில் கோப்பிக்கொட்டை கிடைக்காமல் ஜெர்மன்காரர் தானியத்தை வறுத்துக் கோப்பி என்று குடித்தார்களாம். பிடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் அதைத்தான் ஊற்றினார்களாம். சொல்லுக்குக் கெட்ட பெயர் அப்படித்தான் வந்ததாம். இப்போது போலிச் சிரிப்புக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தானாம்.

வறுத்த கோப்பி என்றதும் எனக்கு அம்மருட் பக்கத்து ஆறாம் மாடி வீடு மணக்கத் தொடங்கியது. சேவியரும் மனைவியும் இருந்த அந்த வீட்டின் சின்ன அறையில் நான் ஒட்டிக்கொண்டிருந்த காலம். காசு கையைக் கடித்தால் சேவியர் மல்லி வறுத்துக் கோப்பி போடுவான். அனிற்றாவின் ஞானஸ்நானத்தன்று காலையிலும் மல்லிக்கோப்பிதான். அதைக் குடித்துவிட்டுத்தான் கோவிலுக்குப் போனோம், நான் இரவல் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு.

அன்றைக்குப் பிள்ளையின் ஞானத்தகப்பனாக நிற்கவேண்டியவன் நானல்ல, அல்பேட். மன்னாரில் எங்கள் இருவரோடும் ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்தவன். முதற்பிள்ளைக்கு நீதான் என்று சேவியர் அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். விசா கிடைக்கவில்லை. வரமுடியாதவருக்குப் பதிலாக இன்னொருவர் நிற்கலாம் என்று எங்கள் சமயத்தில் ஒரு வழி உண்டு. கோவில் புத்தகத்தில் அவன் பெயர், மெழுகுதிரி பிடித்தது என் கை. அந்தக் காலத்தில் இங்கே பாதி ஞானஸ்நானம் அப்படித்தான் நடந்தது. அன்று பின்னேரம் தொலைபேசியில் அல்பேட், "நான் வருமட்டும் நீ நில்லடா," என்றான்.

முதலாம் பிறந்தநாளுக்கு அவன் அனுப்பிய பார்சல் வந்து சேரவில்லை. ஞானத்தகப்பன் ஒன்றும் தரவில்லை என்று ஆகிவிடக் கூடாதே என்று நானே ஒரு பொம்மை வாங்கி, அட்டையில் 'அன்புடன் அல்பேட்' என்று எழுதிக் கொடுத்தேன். அவனிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். அதுவே வருடாவருடம் பழக்கமாகிவிட்டது.

பிறகு அவன் வன்னிக்குள் அகப்பட்டான். கடைசிச் சண்டையோடு தொலைபேசியும் நின்றுபோயிற்று. நாங்கள் விசாரிக்காத ஆளில்லை, எழுதாத இடமில்லை. உயிரோடு இருக்கிறான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் அட்டை எழுதுவதை நிறுத்தவில்லை. சேவியரின் மனைவி ஒருமுறை இதென்ன விசர்வேலை என்றார். அடுத்த வருடம் அவரே பேனையை எடுத்துத் தந்தார்.

இதெல்லாம் மனதில் ஓட, "அப்ப நானும் மட்டமான சாமான்தான்," என்று அனிற்றாவிடம் பகிடியாகச் சொன்னேன். பகிடி முழுதாக வாயிலிருந்து வரவில்லை.

அவள் கைபேசியை மடியில் வைத்தாள். "அந்த அட்டையளை எழுதுறது நீங்கள்தான் எண்டு எனக்கு எட்டு வயசிலையே தெரியும் மாமா. பரிசுப் பெட்டியிலை ஒஸ்லோக் கடை ஸ்டிக்கர் இருந்தது."

பின்னை ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா நீங்கள் எழுதாமல் விட்டிடுவியள். பிறகு அவர் செத்துப்போயிடுவார் எண்டு பயம்."

யன்னலுக்கு வெளியே பார்த்தேன். இரண்டு நிறுத்தம் கழித்து, "இந்தமுறை உங்கடை பேரை எழுதுங்கோ," என்றாள்.

இப்போது ஞானத்தகப்பன்மார் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். பதிலுக்கு ஆள் தேடும் வீடு இல்லை. அந்த அம்மருட் வீட்டில் இப்போது யாரோ சோமாலியக் குடும்பம் இருக்கிறதாம்.

நேற்று அட்டை வாங்கி என் பெயரை எழுதினேன். சந்தோசமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் உறையை ஒட்டியபின் வெகுநேரம் எழும்ப மனம் வரவில்லை. விசாரிப்புக் கடிதங்கள் நின்றபின் இத்தனை வருடமாக அல்பேட்டின் பெயரை நான் எழுதியது அந்த ஓர் அட்டையில்தான். இனி எனக்கு அதை எழுத ஓரிடமும் இல்லை.