அன்வருக்குப் பிடிக்காத ஆல்பம்

அன்வர் இறந்துவிட்டான்.

காலையில் அவனுடைய அண்ணன் காதர் போன் செய்தார். "தம்பி... அன்வரு போயிட்டான்பா. நெஞ்சு வலிக்குதுன்னான், ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவல."

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் யூனிட்டில் நானும் அன்வரும் ஒன்றாக வேலை பார்த்தோம். அவனுக்கு மங்கலம்பேட்டை. தினமும் பஸ்ஸில் வருவான். சூளைக்குப் போகும் முன் பொம்மைகளைப் பளபளப்புக்காகக் கிளேஸ் குழம்பில் முக்கி எடுத்து அடுக்குவது எங்கள் வேலை.

ஊரிலேயே கிடாரும் டிரம்ஸும் அலறுகிற மெட்டல் மியூசிக் கேட்ட ரெண்டு பேர் நாங்களாகத்தான் இருப்போம். குவைத்தில் இருந்த காதர் அண்ணன் அனுப்பும் கேசட்டுகள்... சாப்பாட்டு நேரத்தில் போட்டால், "மண்ணு அரைக்கிற மில்லுல கல்லு மாட்டிக்கிச்சாடா?" என்று சூப்பர்வைசர் ஓடி வருவார்.

தொண்ணூறாம் வருஷம் ஊருக்கு வந்த ஒருவரிடம் அண்ணன் ஒரு கேசட் கொடுத்தனுப்பினார். ப்ரோக்ரசிவ் மெட்டல், அந்த ரகத்திலேயே சிக்கலானது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஆல்பமாம். "இதக் கேட்டா வேற எதையும் கேக்க மாட்டீங்க" என்றும் சொல்லியனுப்பியிருந்தார்.

போட்டுக் கேட்டோம்.

ஒரு தாளத்தில் தலையாட்ட ஆரம்பித்தால் அது வேறு தாளத்துக்குத் தாவிவிடும். கிடார் நல்ல இடத்துக்கு வரும், உடனே திரும்பிப் போய்விடும். பாடுகிறவர் நியூஸ் வாசிப்பது போலப் பாடினார். எல்லாமே கெட்டிக்காரத்தனம்... ஆனால் உள்ளே எதுவும் இறங்கவில்லை.

நான் அன்வர் முகத்தைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கேசட்டைத் திருப்பிப் போட்டான்.

அந்த வாரமே ரேடியோவில் சொன்னார்கள், குவைத்துக்குள் பக்கத்து நாட்டு ராணுவம் நுழைந்துவிட்டது என்று.

போன் போகவில்லை. தந்திக்குப் பதில் இல்லை. மங்கலம்பேட்டையில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அங்கேதான்; அந்த வீடுகளில் அடுப்பே எரியவில்லை.

ஒருநாள் அவனைத் தேற்றுவதாக நினைத்து, "அண்ணன் வரட்டும், இந்தக் கேசட்டு சுத்த போருன்னு..." என்று ஆரம்பித்தேன். பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினான். கையெல்லாம் கிளேஸ்.

"சொல்லாதடா! எனக்கும் புடிக்கலடா. ஆனா புடிக்கலன்னு சொன்னா அண்ணனுக்கு எதாச்சும் ஆயிடுமோன்னு பயமா இருக்குது. அவரு வரட்டும். வந்தப்புறம் சொல்லிக்கலாம்."

அதன் பிறகு நானும் சொல்லவில்லை. தினமும் அதையேதான் போட்டான். பிடிக்க வேண்டுமே, பிடிக்க வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டோம். டேப் சிக்கிக்கொண்டால் எனக்கும் அதே பயம் வந்துவிடும். அவன் பென்சிலால் சுற்றிச் சரிசெய்யும் வரை மூச்சு விட மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கேயும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. டேப்ரிக்கார்டர் பக்கத்தில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"காது வலிக்கலையாம்மா?"

"வலிக்கத்தான் வலிக்குது தம்பி. எம்புள்ள வாங்கி அனுப்புனதாச்சே... ஓடட்டும்."

செப்டம்பர் முடிவதற்குள் காதர் அண்ணன் வந்துவிட்டார். ஜோர்டான் வழியாக, பாலைவனத்து முகாமில் கிடந்து, பாதி ஆளாக. கையில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும். தகவல் கிடைத்ததும் நானும் அன்வரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடினோம்.

அன்வர் அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். அழுதுகொண்டே சொன்னான், "அண்ணே... அந்தக் கேசட்டு நல்லாவே இல்லண்ணே."

காதர் அண்ணன் முழித்தார். "எந்தக் கேசட்டு? அட, அதுவா... நான் எங்கடா கேட்டேன்? கடக்காரன் பெரிய ஆல்பம்னு சொன்னான், வாங்கிட்டேன்."

முதலில் சிரித்தது அம்மாதான். அப்புறம் அன்வர் சிரிக்க ஆரம்பித்தான்... நிறுத்தவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இன்றைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து அடக்கம் என்கிறார்கள். நான் திருச்சியிலிருந்து வந்துகொண்டிருக்கிறேன். வேப்பூருக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. பஸ் நகரவில்லை. கண்டக்டர் "போயிடலாம் சார்" என்கிறார், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார்.

அன்வரு... கொஞ்ச நேரம் இருடா. வந்துட்டே இருக்கேன்.