மட்டக்காரரின் டேப்

மட்டக்காரர் மாடிப்படி ஏறும்போதே கழித்துக்கொண்டு வருகிறார். வீடு எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், ஏறிய ஏற்றத்தைத் தள்ளிவிட்டுத்தான் பதில் சொல்வார். "நடந்த தூரம் காலுக்கு. நெலத்துக்குப் படுக்கைத் தூரந்தான் கணக்கு." "அப்ப என் முட்டிவலியையும் படுக்கப் போட்டு அளந்து சொல்லுங்க," என்பாள் மனைவி.

நில அளவைதான் தொழில். அலுவலகத்தில் லேசர் பெட்டி சும்மா இருக்க, புதர் மண்டிய சரிவுகளுக்கு இரும்பு டேப்போடுதான் போவார். மேல்முனையைத் தரையில் வைத்து, கீழ்முனையைத் தூக்கி மட்டமாகப் பிடித்து, அங்கிருந்து தூக்குக்குண்டை விட வேண்டும். குண்டு தொட்ட இடத்தில் முளை. அங்கிருந்து அடுத்த படி. டேப்பைச் சரிவோடு படுக்கவிட்டால் இல்லாத நீளமெல்லாம் வந்து சேரும்.

கீழ்முனை பிடித்தவர் அவருடைய அக்கா வீட்டுக்காரர். நெடிய ஆள். கை கடுத்தாலும் இறக்க மாட்டார். "இரு மச்சான், மட்டம் வரட்டும்," என்பார்.

போன மழையில், அக்கா வீட்டுக்குக் கீழே ஓடும் ஓடை அவரை இழுத்துக்கொண்டு போயிற்று. உடல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான், ஓடைக்கரைக் கல்லிலிருந்து முப்பது மீட்டருக்குள் இருக்கும் வீடுகளை இடிப்பது என்று அரசாங்கத்தில் முடிவாயிற்று. அக்கா வீட்டை அளக்க வேறு ஆளை அனுப்ப மட்டக்காரருக்கு மனம் வரவில்லை.

சுவரிலிருந்து படிப்படியாக அளந்து இறங்கினார். கடைசிப் படி பாக்கி. முப்பதுக்கு ஒரு சாண் குறையும் என்று கண்ணுக்கே தெரிந்தது.

"இந்த ஒருவாட்டி சரிவோடவே விடேன்டா," என்றாள் அக்கா. "ஒரு சாணுக்காக என்னைத் தெருவுல நிறுத்துவியா?"

மட்டக்காரர் டேப் வளையத்தை ஓடைக்கரைக் கல்லின்மேல் வைத்து, இன்னொரு கல்லை அதன்மேல் ஏற்றிவிட்டு, மேலே முளைக்கு வந்து சரிவோடவே இழுத்தார். பட்டப்பகல். காற்றில்லை. சாண் கிடைத்துவிட்டது. அக்கா மூக்கைச் சிந்தினாள்.

ஏற்றி வைத்த கல் உருண்டது. வளையம் எழுந்தது. அவசரமே இல்லாமல் ஏறி, நெடிய ஆள் ஒருவர் தோளுயரத்தில் பிடித்தது போல நின்றது. கிடைத்த சாண் மட்டக்காரர் கைக்குள்ளேயே திரும்பி வந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், ஏறியது ஏறியதுதான். வளையத்திலிருந்து தண்ணீர் சொட்டிற்று. கீழே கல் அதுவரை காய்ந்து கிடந்தது.

"பைத்தியக்கார மனுஷன்," என்றாள் அக்கா, மெல்ல. "போறது சொந்த வீடுன்னுகூடத் தெரியல பாரு."

அளவைப் படித்ததும் மேல்முனைக்காரர் "விடு" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுக்கும்வரை கீழே நிற்பவர் கையை எடுப்பதில்லை. மட்டக்காரர் படித்துவிட்டார். முப்பதுக்கு ஒரு சாண் குறைவு. வாயைத் திறந்தார்.

அக்கா அவர் தோளை அழுத்தினாள். "வீடு போனாப் போவுது. விடுன்னு மட்டும் சொல்லிடாதடா."

மட்டக்காரர் வாயை மூடிக்கொண்டு, டேப்பை உள்ளங்கையில் இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டார்.