பாக்கியம் அக்கா அடுப்பை அணைக்கவில்லை

தேயிலை பாக்டரியில் ட்ரையரின் சங்கிலி அறுந்து, அதன் வயிற்றுக்குள் பாதி உடம்போடு நான் படுத்திருந்தபோதுதான் செய்தி வந்தது. "தம்பி, பாக்கியம் அக்கா போயிட்டாங்க" என்று வெளியே நின்று சொன்னவர், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அவருக்குப் பக்கத்து அறையில், அதாவது காம்பராவில், இருக்கும் லெச்சுமி அக்கா. நான் கிரீஸ் கையோடு வெளியே வருவதற்குள் தோட்டத்து ஆபீசிலிருந்து இரண்டாவது செய்தியும் வந்துவிட்டது. குழி வெட்ட ஆளும் பெட்டிக்குப் பலகையும் கேட்கப் போனவர்களிடம் பெரிய கிளாக்கர் சொன்னாராம்: "அந்தப் பேர் வெட்டுன பொம்பளைக்கா? அவ தோட்டத்துலயே இல்லியே!"

தோட்டத்தில் இல்லாத அந்தப் பெண்மணியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அன்பே உருவானவர், அதிர்ந்து பேசாதவர் என்றெல்லாம் எழுதினால், யாரைச் சொல்கிறாய் என்று அக்காவே எழுந்து வந்து கேட்பார். அவர் சாதாரணமாகப் பேசினாலே மேட்டு லயத்துக்குக் கேட்கும். அன்பு இருந்தது. அதைத் திட்டிக்கொண்டேதான் கொடுப்பார்.

இலங்கை மலையகத்தில், நமுனுகுல மலைச் சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டம். அக்கா கொழுந்து எடுப்பவர். கணவர் வெகு காலத்துக்கு முன்பே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. பதுளைப் பள்ளியிலும் பிறகு தொழில்நுட்பக் கல்லூரியிலும் படித்துவிட்டு நான் பாக்டரி மெக்கானிக்காகத் திரும்பி வந்தபோது, லயத்தில் அவருக்கு ஒரே ஒரு விஷயத்தில் பெயர்: மாவு மீன். அதாவது, மாவில் தோய்த்து மொறுமொறுவென்று பொரித்த மீன். எந்தக் கடையிலும் நான் அப்படிச் சாப்பிட்டதில்லை.

மீன் பதுளையிலிருந்து வரும். கொண்டுவருபவர் காசிம் நானா. சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, பாதி ஏற்றம் தள்ளிக்கொண்டே வருவார். அவர் பெட்டியைத் திறந்ததும் அக்கா குனிந்து பார்ப்பார்.

"ஏன் நானா, இந்த மீனு செத்துப்போன சங்கதி அதோட சொந்தக்காரங்களுக்குத் தெரியுமா?"

"என்னா புள்ள இப்பிடிக் கேக்கிறீங்க! ஐஸ்ல வந்த மீனு. இப்பதான் கடல விட்டு எறங்கிச்சு."

"அப்புறம் ஏன் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது?"

இந்தச் சண்டை முடிந்தால்தான் வியாபாரம். நல்ல பாரைத் துண்டு அக்காவுக்குத்தான் போகும். நானாவே ஒதுக்கி வைத்திருப்பார். அதையும் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டும்.

மாவுக்கு அவர் வைத்திருந்த கணக்கு எளிது. கோதுமை மாவு தனியாகப் போட்டால் தோல் மாதிரி இழுக்கும். அதனால் ஊறவைத்த அரிசியை அம்மியில் அரைத்துச் சேர்ப்பார். மிளகு, சோம்பு, மஞ்சள், புளிப்புக்குக் கொஞ்சம் தேசிக்காய்ச் சாறு. கரைப்பதற்கு மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர், அதுவும் விடியற்காலையில் பிடித்தது, கை விறைக்கிற குளிரில் இருக்க வேண்டும். "மாவு, மீனுக்கு வேட்டி கட்டுன மாதிரி இருக்கணும். கம்பளி போத்துன மாதிரி இருந்தா அது மீன் இல்ல, மழைல கொழுந்தெடுக்கப் போற பொம்பள" என்பார்.

நான் சும்மா இருப்பேனா? மீனைக் கழுவி ஈரத்தோடு மாவில் போடுவதைப் பார்த்து ஒரு நாள் சொன்னேன்: "அக்கா, கொழுந்த வாட்டாம ட்ரையர்ல போட்டா என்ன ஆகும்? வெந்து நாறும். மீனும் அப்படித்தான். தண்ணியத் தொடச்சு, காத்துல வெச்சு, அப்புறம் போடுங்க."

"வந்துட்டாரு பெரிய துரை! மிஷினுக்கு எண்ண ஊத்துற வேலைய மட்டும் பாருடா" என்றார். மறுவாரம் போனபோது மீன் துண்டுகள் துணியால் துடைக்கப்பட்டு, சுளகில் காற்றாடிக் கிடந்தன. கடித்தால் சத்தம் அடுத்த காம்பராவுக்குக் கேட்டது. லெச்சுமி அக்கா காரணம் கேட்டபோது, "எல்லாம் நானே யோசிச்சதுதான்" என்று என் கண்ணைப் பார்த்தே சொன்னார். 

மாவுக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய வருசங்களிலும் அவர் நிறுத்தவில்லை. குரக்கன் என்கிற கேழ்வரகு மாவில் தோய்த்தார். கன்னங்கரேலென்று வந்தது. யாரோ முகம் சுளித்தபோது, "கருப்பா இருந்தா என்ன? தின்ற நீ மட்டும் வெள்ளக்காரனா?" என்று கேட்டார்.

அந்த வருசங்களில்தான் இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் லயத்தில் ஒரு குடும்பம் காலியாகும். போகிறவர்கள் அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, காம்பராவை ஆபீசிடம் ஒப்படைத்துவிட்டு, பதுளை ஸ்டேஷனுக்கு லொறி ஏறுவார்கள். வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுப்பது வழக்கம். அக்கா மட்டும் மாவு மீன் பொரித்துக் கொடுப்பார்.

"பண்டாரவளை தாண்டுறதுக்குள்ள நமுத்துப் போயிடும். பொட்டலத்துல ஆவி அடைக்கும்" என்றேன் நான்.

"அதுவரைக்கும் எவன் வெச்சிருப்பான்? ரயிலு ஊதுறப்பவே தின்னணும். புளிச்சோறு தின்னுகிட்டே அழலாம்டா. வாயில கருக்முருக்னு இருக்கறப்ப எவளாலயும் ஒப்பாரி வைக்க முடியாது. அழவெச்சு அனுப்புனாங்கன்னு எவனும் சொல்லக் கூடாது."

பிளாட்பாரத்தில் நான் அதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். கண்ணில் நீர் வழிய, வாய் மட்டும் மென்றுகொண்டிருக்கும். ஒப்பாரி எழும்பாது.

பிறகு அக்காவின் முறை வந்தது. அவருடைய தம்பி, கேட்காமலே அக்காவின் பெயரையும் சேர்த்து இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்தார். அக்காவிடம் கைரேகை வாங்கியபோது, அரிசிக் கூப்பனுக்கு என்று சொன்னாராம். தனியாக விட்டுப்போக மனமில்லை என்பது அவர் தரப்பு. இருக்கலாம். ஆனால் கேட்டிருக்க வேண்டும்.

லொறி வந்து நின்ற அன்று, அக்கா எல்லோருக்கும் செய்ததை அக்காவுக்கு நாம் செய்ய வேண்டும் என்று லெச்சுமி அக்காவும் மற்றப் பெண்களும் சேர்ந்து மாவு மீன் பொரித்துக் கொண்டுவந்தார்கள். பெட்டி கட்டியாகிவிட்டது. தம்பி அடுப்பில் ஊற்ற வாளித் தண்ணீரோடு நின்றார். அக்கா ஒரு துண்டைக் கடித்தார். மாவு ஒரு பக்கமும் மீன் ஒரு பக்கமுமாகக் கழன்று வந்தது.

கழன்ற மாவைத் தூக்கிக் காட்டினார். பிறகு சொன்னார்: "லெச்சுமி, இந்த லட்சணத்துல நீங்க பொரிச்சா, நாளைக்குப் போறவங்க கதி என்னடி?"

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. தம்பியின் கையிலிருந்த வாளியை வாங்கி வாசலில் கொட்டினார். அடுப்பு முன்னால் உட்கார்ந்து, கட்டையைத் தள்ளி ஊதினார்.

"அக்கா, என்ன செய்யிற? பாஸ்போர்ட் வந்திருச்சு!"

"பாஸ்போர்ட்டு வந்துச்சு. நான் வரல."

"தோட்டத்துப் பேரேட்டுல பேர வெட்டிருவாங்க. பொலிஸ் வரும்."

"வரட்டும். அவங்களுக்கும் பசிக்கும். எங்கப்பன் இந்த மண்ணுல கெடக்கான், என் புருசன் கெடக்கான். நானும் இங்கதான் கெடப்பேன். நீ புள்ளகுட்டிக்காரன், பத்திரமாப் போயிட்டு வா."

தம்பி போனார். மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் அக்காவின் பெயர் கூப்பிடப்படவில்லை. வேலை இல்லை, அரிசி இல்லை. மிச்சம் இருந்தது காம்பரா ஒன்றுதான்.

எங்கள் லயத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. அடுப்பு எரியும் காம்பராவைப் பூட்ட மாட்டார்கள், ஏனென்றால் அங்கே குடும்பம் இருக்கிறது. வேறொருவருக்கு அதைக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். இதை அக்கா விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். தினமும் எண்ணெய்ச் சட்டி வைத்தார். நானா கொடுத்த மீனைப் பொரித்துக் கொடுத்தார். லயத்தார் மாவும் விறகும் கொடுத்தார்கள். மீன் இல்லாத நாளில் வெறும் மாவையாவது எண்ணெயில் விடுவார். "வாசம் ஆபீசு வரைக்கும் போகணும். பாக்கியம் இருக்கான்னு அவனுங்க மூக்குக்குத் தெரியணும்."

பூட்டோடு வந்த கணக்கப்பிள்ளையிடம், "வாங்கய்யா, சூடா ஒண்ணு தின்னுட்டுப் பூட்டுங்க" என்றார். அவர் இரண்டு தின்றார். பூட்டைத் திரும்ப எடுத்துப்போனார்.

பிறகு ஆபீசில் வேறு வழி யோசித்தார்கள். லயத்தில் எண்ணெய் காய்ச்சுவது தீ ஆபத்து, மெக்கானிக் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்றார்கள். என்னைத்தான். பார்த்தேன். பெரிய கிளாக்கரிடம் போய்ச் சொன்னேன்: "அடுப்புல ஆபத்து இல்ல. கூரைத் தகரம் துருப்பிடிச்சு விழப்போகுது, சுவர் வெடிச்சிருக்கு, தண்ணி ஓடுற கான் அடைச்சிருக்கு. இதெல்லாம் ஆபத்து. எதுல இருந்து ஆரம்பிக்கிறீங்க?" அதன் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. கூரையும் அப்படியேதான் இருக்கிறது.

கடைசி மாதங்களில் மார்ச்சளி அவரைப் படுக்கையில் தள்ளியது. லெச்சுமி அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டார். போன ஞாயிறு நான் போயிருந்தபோது, படுத்தபடியே எண்ணெய்ச் சத்தத்தைக் கேட்டு, "இப்ப போடாத, இன்னும் காயல" என்று அதட்டினார். என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை வேறு: "என்னய டவுனுக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்கடா. நான் இங்கதான்."

அதனால்தான் அன்று காலை பெரிய கிளாக்கரின் பதில் எங்களுக்கு உறைத்தது. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், மண்வெட்டியோடு நின்ற ஆண்கள் மலைக்கு வேலைக்குப் போகவில்லை, மயானத்துக்குத் திரும்பினார்கள். "இன்னிக்குப் பேரு விழாது, சம்பளம் இல்ல, பாத்துக்கங்க!" என்று கணக்கப்பிள்ளை கத்தினார். லெச்சுமி அக்கா கூடையைக் கீழே வைத்தார். "அக்கா பேர வெட்டுனீங்கல்ல, எங்க பேரையும் சேத்து வெட்டுங்க. கொழுந்த நீங்களே போய் எடுங்க." பெண்கள் அத்தனை பேரும் கூடையை வைத்துவிட்டு அவர் பின்னால் நடந்தார்கள்.

சாவு வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அன்று வைத்தோம். உடலை எடுத்ததும் பூட்டு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பெரியவர் ஒருவர் தடுத்தார். "தீட்டு எங்களுக்கு இருக்கட்டும் மாமா, காம்பரா அக்காவுக்கு இருக்கட்டும்" என்று லெச்சுமி அக்கா மீனை எண்ணெயில் விட்டார். மீன் கொண்டுவந்த காசிம் நானா வாசலில் நின்று அழுதார். அன்று அவரிடம் சண்டை போட ஆளில்லை. லெச்சுமி அக்கா இப்போது அந்தக் காம்பராவிலும் அடுப்பு மூட்டுகிறார். அணைக்க வருகிறவர்கள் வரட்டும்.

பெட்டி செய்ய ஆபீஸ் பலகை தரவில்லை. பாக்டரியில் தேயிலைப் பெட்டிக்கான பலகைகள் இருக்கின்றன. எடுத்தேன். கேட்கவில்லை. மெல்லிய பலகை, எடை தாங்காது என்பதால் குறுக்கே சட்டம் அடித்து, அடியை இரட்டையாக்கினேன். உறுதியான பெட்டி. விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போவேன்.

அந்தப் பலகைகளில் கறுப்பு மையில் தோட்டத்தின் பெயர் அச்சடித்திருக்கும். சுரண்டிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். பேர் வெட்டிய தோட்டத்தின் பெயரை மூடியிலும் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு, அக்கா அவருடைய கணவருக்குப் பக்கத்தில் இறங்கினார். மேலிருந்து பார்த்தபோது எழுத்து தெளிவாகத் தெரிந்தது. அதன் மேல்தான் முதல் பிடி மண் விழுந்தது.

போகிறவர்களைப் போய் வாருங்கள் என்று அனுப்புவது நம் வழக்கம். உங்களிடம் அதைச் சொல்ல மாட்டேன். நீங்கள் எங்கேயும் போகவில்லை.

இருங்க, அக்கா.